நூல்கண்டும் ஜெபமும் நிறைமாத வயிறும்: தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று பிள்ளைகளைச் சுமந்தபோதும் கடைசி மாதங்களில் என் கையில் ஏதாவது ஒரு நூல்வேலை இருந்தது. ஒன்பதாம் மாதத்தில் மடி மறைந்துபோகும், வயிற்றின்மேல் வைத்துத்தான் பின்னுவேன். உள்ளே பிள்ளை உதைத்தால் நூல்கண்டு அசையும். அந்த நாட்களில் எனக்கு வந்த சந்தேகங்களையே இப்போது சபையில் இளம் தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். கைவேலையைப் பற்றித் தொடங்கி, ஜெபத்தில் போய், பயத்தில் முடிகிற கேள்விகள். அவற்றில் அடிக்கடி வருகிறவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உடம்பைப் பற்றி இங்கே சொல்லியிருப்பதை உங்கள் மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று மாதங்களுக்கு எந்தக் கைவேலை ஏற்றது?

எந்த நொடியிலும் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய வேலை. இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அழகு, பயன் எல்லாம் அப்புறம்.

28-ஆவது வாரத்துக்குப் பிறகு உடம்பு நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. திடீரென்று சிறுநீர் கழிக்க ஓட வேண்டும், இல்லையென்றால் காலில் தசைப்பிடிப்பு வரும், அதுவும் இல்லையென்றால் கண்ணைச் சொருகும். ஒரே கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷே இதற்கு மிகவும் ஒத்துப்போகிறது. அதில் எந்த நேரத்திலும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் இருக்கும். ஊசி நழுவினாலும் பிள்ளை பிடித்து இழுத்தாலும் நாலைந்து கண்ணிகள்தான் பிரியும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊசிப் பின்னலில் எண்பது, நூறு கண்ணிகள் ஊசியில் வரிசையாக நிற்கும். நழுவினால் ஒரு மாலை முழுக்க அதற்கே போய்விடும். கை எம்ப்ராய்டரியும் நல்லதுதான், ஆனால் கட்டம் எண்ணிப் போடுகிற வேலையைத் தள்ளிவையுங்கள். எண்ணிக்கை தவறினால் வருகிற எரிச்சல் இந்த நேரத்தில் வேண்டாம்.

பெரிய போர்வையை ஒரே துண்டாகப் பின்னாதீர்கள். அது வளர வளர மேலே கனக்கும், சூடும் ஏற்றும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் சதுரங்களாகப் போட்டு வைத்தால் ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்த வேலை. இணைப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அடர்நிற நூலும் வேண்டாம். இரவு வெளிச்சத்தில் கறுப்பு நூலில் கண்ணி தேடுவது கண்ணுக்கும் கழுத்துக்கும் தண்டனை.

தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் தரையில் துணி விரித்து வெட்டுவதை 30 வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். உயரமான மேசையில் வெட்டலாம், அல்லது யாரையாவது வெட்டித் தரச் சொல்லலாம்.

பின்ன ஆரம்பித்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம், ஆனால் அதை அலட்சியமும் செய்ய வேண்டாம். மூன்றாவது பிள்ளையின் 36-ஆவது வாரத்தில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் உட்கார்ந்து ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் என்னுடையது மாதிரியே இல்லை. ஊசி எப்போது நழுவியது என்பதைக்கூட விரல் சொல்லவில்லை. தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டு போன சத்தம்தான் சொன்னது. குனிய முடியாமல் காலையில் என் நாலு வயது மகள் எழுந்திருக்கும்வரை காத்திருந்தேன். அவள் வயிற்றால் ஊர்ந்து போய் எடுத்து வந்து, தூசியை ஊதிவிட்டுத் தந்தாள்.

காரணம் இதுதான். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்குப் போகின்றன. கர்ப்பகாலத்தில் உடம்பில் நீர் கோக்கும்போது அந்த இடத்திலும் வீக்கம் வந்து நரம்பை அழுத்துகிறது. கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. இரவில்தான் அதிகம். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே குறைந்துவிடும்.

எனக்கு உதவியவை: மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் போட்டுக்கொண்டது, ஊசியின் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கியது, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை உதறி எழுந்தது. நூலை இறுக்கிப் பிடித்துப் பின்னுகிறவர்கள் ஒரு அளவு பெரிய ஊசிக்கு மாறுங்கள். வலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கடைசி மாதங்களில் குழந்தைக்குக் கெடுதல்.

இது மெதுவாக வருகிற வீக்கம். கையும் முகமும் திடீரென்று வீங்கினால், கூடவே கடும் தலைவலியோ கண்ணில் மின்னலோ மேல்வயிற்றில் வலியோ வந்தால், அது வேறு விஷயம். ரத்த அழுத்தம் ஏறுவதற்கான அடையாளம் அது. ஊசியை அங்கேயே போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கர்ப்பகாலத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். எழுந்து நாலு நடை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். பாதத்துக்கு ஒரு முக்காலி, இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை. படுத்துக்கொள்வதானால் பக்கவாட்டில் படுங்கள், மல்லாந்து வேண்டாம்.

கைவேலை நேரத்தில் ஒரு நன்மை உண்டு. வீட்டில் ஓடியாடும்போது கவனிக்காத பிள்ளையின் அசைவு, அமைதியாக உட்காரும்போது நன்றாகத் தெரியும். உங்கள் பிள்ளை எந்த நேரத்தில் எப்படி அசைகிறது என்று பழகிக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். கடைசியில் உள்ளே இடம் போதாமல் அசைவு குறையும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அது தவறு. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது.

எந்தப் பொருட்களைத் தொடாமல் இருப்பது நல்லது?

நூல், துணி, காகிதம், தண்ணீரில் கரையும் வண்ணம் இவற்றில் கவலையில்லை. டர்பன்டைன், தின்னர், ஸ்ப்ரே பசை, ஸ்ப்ரே பெயின்ட், கெட்டியாகாத எபாக்ஸி ரெசின், ஈயம் கலந்த பற்றவைப்புக் கம்பி, ஈயம் உள்ள மண்பாண்ட மெருகு, பழைய பெயின்டைச் சுரண்டுவது, காஸ்டிக் சோடாவைக் கையாண்டு சோப்பு காய்ச்சுவது எல்லாவற்றையும் பிரசவம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். ரெசினில் நகை செய்து விற்கிற ஒரு சகோதரி, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்தால் போதாதா என்று கேட்டார். போதாது என்றுதான் சொன்னேன். ஏழெட்டு மாதம் நிற்பது கஷ்டம்தான், ஆனால் மூச்சில் போவதை நாம் திரும்ப எடுக்க முடியாது.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்? பாதுகாப்பு எப்படி?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். அன்போடு செய்த பொருளே பிள்ளைக்கு ஆபத்தாகிவிடக் கூடாதே.

என் இரண்டாவது மகனுக்கு ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு மாலை விடாமல் அழுதான். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தோளில் போட்டு நடந்தேன், நிற்கவில்லை. கடைசியில் முழுவதும் கழற்றிப் பார்த்தேன். நானே பின்னிய காலுறைக்குள் ஒரு நூல் முனை பிரிந்து, கால் நடுவிரலைச் சுற்றிக்கொண்டிருந்தது. விரல் செவந்து தடித்து, நூல் சதைக்குள் புதைந்த மாதிரி இருந்தது. நகவெட்டும் கத்தரிக்கோலின் நுனியால் மெல்ல அறுத்தேன். அரை மணி நேரத்தில் நிறம் திரும்பியது. என் கை நடுக்கம் நிற்க அதைவிட நேரமானது. நூலோ முடியோ இப்படிச் சுற்றி ரத்தஓட்டத்தை நிறுத்துவது கைக்குழந்தைகளுக்கு நடக்கிற ஒன்று. நூலை எடுக்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அன்றிலிருந்து காலுறை, கையுறை எதையும் உட்புறம் வெளியே திருப்பிப் பார்க்காமல் நான் போடுவதில்லை. நூல் முனையை மூன்று திசைகளில் கோத்து மறைக்கிறேன். உட்புறம் நூல் தாண்டித் தாண்டிப் போகும் வண்ணப் பின்னலைக் குழந்தைக்குப் போடவே மாட்டேன்.

தொப்பிக்கு அளவு வேண்டுமென்றால், நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். நூல் விரிந்து கொடுக்கும், அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்தே பின்னலாம். தாடைக்குக் கீழே கட்டும் கயிறு வேண்டாம். தூங்கும்போது தொப்பி வேண்டாம், குழந்தை தலை வழியாக நிறையச் சூட்டை வெளியே விடுகிறது.

போர்வை பின்னுகிறவர்களுக்கு இது மனவருத்தம் தரும், ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் பன்னிரண்டு மாதம் தூங்குகிற இடத்தில் தளர்ந்த போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது. குழந்தை மல்லாந்து, உறுதியான மெத்தையில், வெறுமையான தொட்டிலில் தூங்க வேண்டும். நீங்கள் பின்னிய போர்வை வீணாகாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடலாம், உங்கள் தோளில் போட்டுப் பால் கொடுக்கலாம். ஓட்டை பெரிதாக உள்ள பின்னல் மட்டும் வேண்டாம், விரல் மாட்டும்.

பொம்மைக்குப் பொத்தான் கண் வைக்காதீர்கள், பாசி வேண்டாம். கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். எம்ப்ராய்டரி போட்ட சட்டையின் உட்புறத்தில் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தையுங்கள், முடிச்சுகள் தோலை உரசாமல் இருக்கும். எல்லாவற்றையும் வாசனை இல்லாத சோப்பில் துவைத்த பிறகே உடுத்துங்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். விசுவாசத்தில் தளர்ந்துவிட்டேனா?

இல்லை சகோதரி, களைத்துவிட்டீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்று சொன்னபோது, தேவன் முதலில் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார், தூதனை அனுப்பிச் சாப்பாடு கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பாடு. பேச்சு அப்புறம்தான் வந்தது. ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர் கறவலாடுகளை மெதுவாய் நடத்துவதாக இருக்கிறது. மந்தை முழுவதுக்கும் ஒரே வேகம் வைக்கவில்லை அவர். குட்டியோடு இருப்பவைக்கு வேறு வேகம்.

எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கிற கைவேலை என்று சொன்னேன் அல்லவா? ஜெபத்தையும் அந்த மாதங்களில் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஒரு சதுரம் தொடங்கும்போது ஒரு பெயர். ஒரு நோயாளியின் பெயர், சண்டையில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பெயர், வேலை தேடும் ஒரு தம்பியின் பெயர். அந்தச் சதுரம் முடியும்வரை அந்த ஆள் என் நினைவில் இருப்பார். நடுவில் எழுந்து போனால் ஜெபமும் நடுவில் நிற்கும். திரும்பி வந்து ஊசியை எடுக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். முழங்காலில் நிற்க முடியாத நாட்கள் அவை. நான் அப்போது ஜெபித்த அளவுக்கு அதற்கு முன் ஜெபித்தேனா என்று சந்தேகம்தான்.

வேதம் வாசிக்க வேண்டிய நேரத்தைக் கைவேலை தின்றுவிடுகிறதே?

சில நாட்களில் அது உண்மையாகவே இருக்கும். அப்போது அந்த வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்து முதலில் வாசிப்பதுதான் சரி. ஆனால் கைவேலையையே வீண் வேலை என்று எண்ணுகிறவர்களுக்கு யாத்திராகமத்தைக் காட்டுவேன். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதிக்க அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்காக பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தேவன் தம்முடைய ஆவியினால் நிரப்பினார் என்று 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. எதற்காக நிரப்பினார்? பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்ய. 35-ஆம் அதிகாரத்தில் ஸ்திரீகள் தங்கள் கைகளால் நூல் நூற்றுக் கொண்டுவருகிறார்கள். ஆட்டுமயிரைத் திரிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் பெயர் ஒன்றுகூட எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் திரித்தது கூடாரத்தின் மேல் விரிந்தது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு பாரம், நீதிமொழிகள் 31-இன் குணசாலியான ஸ்திரீ. இரவில் விளக்கு அணையாமல், ஆட்டுமயிரும் சணலும் தேடி, துணி நெய்து விற்று, குடும்பத்தையும் நடத்துகிறாளே, நான் நிறைமாதத்தில் ஒரு பாத்திரம் கழுவ மூச்சு வாங்குகிறேனே என்று ஒருவர் அழுதே விட்டார். அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். அந்தப் பகுதி ஒரு கவிதை. அதன் 22 வசனங்களும் எபிரெய எழுத்துக்களின் வரிசைப்படி தொடங்குகின்றன, நம் ஆத்திசூடி அகரவரிசையில் போவது போல. ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையை அகரம் முதல் கடைசி எழுத்துவரை பாடுகிற பாட்டு அது, ஒரு நாளின் கால அட்டவணை அல்ல. இரண்டாவது, அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள். 15-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. உதவி வாங்கிக்கொள்வது அவளுக்கே இழிவாக இல்லை.

கர்ப்பத்தில் தேவன் நம்மைப் பின்னினார் என்று வேதத்தில் உண்மையிலேயே இருக்கிறதா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. சங்கீதம் 139-இல் 13-ஆம் வசனம், தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர் என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. அங்கே உள்ள எபிரெயச் சொல்லை மூடிக் காப்பது என்றும் எடுக்கலாம், நெய்வது என்றும் எடுக்கலாம். தமிழில் காப்பதை எடுத்தார்கள், வேறு பல மொழிகளில் நெய்வதை எடுத்தார்கள்.

15-ஆம் வசனம் இன்னும் அருமை. விசித்திர விநோதமாய் உருவாக்கப்பட்டேன் என்று வாசிக்கிறோமே, அந்த இடத்தில் எபிரெயத்தில் இருப்பது பல நிற நூலால் சித்திரத் தையல் போடுகிற சொல். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசல் திரையைப் பற்றிப் பேசும்போது யாத்திராகமமும் அதே வேர்ச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. எலும்பும் நரம்பும் தோலும் நீலம், சிவப்பு, ஊதா நூல்களாய் இருட்டில் கோக்கப்படுகின்றன. எம்ப்ராய்டரி போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். முன்பக்கம் பூவாக இருக்கும்போதே பின்பக்கம் முடிச்சும் குறுக்குநூலுமாகத்தான் இருக்கும். ஸ்கேனில் அந்தச் சாம்பல் நிழலைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பின்பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

ஆராதனைக்குப் போக முடிவதில்லை. சபையில் தப்பாக நினைப்பார்களோ?

அன்னாள் சாமுவேலைப் பெற்றபின், பால் மறக்கும்வரை வருஷாந்தர பலிக்குச் சீலோவுக்குப் போகவில்லை. கணவர் எல்க்கானா போனார், அவள் வீட்டில் இருந்தாள். அத்தனை வருஷம் அழுது கேட்டுப் பெற்ற பிள்ளை, நன்றி சொல்ல ஓடியிருக்கலாம். ஆனாலும் இருந்தாள், எல்க்கானாவும் உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்றார். போதகரிடம் நேரே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஜெபிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னலாமா?

ஆர்டர் வேலை வேண்டாம் என்பது என் பழக்கம். மனம் ஆற ஒரு நாலு வரிசை போடுவது எனக்கு ஓய்வுதான். உங்கள் மனச்சாட்சி உறுத்தினால் விட்டுவிடுங்கள், இன்னொருவர் பின்னுவதைக் குறையாகப் பார்க்காமல் இருந்தால் போதும்.

முன்பு ஒரு பிள்ளையை இழந்தேன். இப்போது எட்டாம் மாதம். எதையும் செய்துவைக்கப் பயமாக இருக்கிறது.

முதலில், உங்கள் இழப்புக்காக மனம் கனக்கிறது. அந்தப் பிள்ளையும் உங்கள் பிள்ளைதான். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், அதையும் சேர்த்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

செய்துவைக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. பிறந்த குழந்தைக்கு உடனடியாகத் தேவைப்படும் துணிகளை இன்னொருவர் வாங்கி அவர்கள் வீட்டிலேயே வைத்திருக்கட்டும். விசுவாசம் இருந்தால் தொட்டிலைத் தயார் செய் என்று உங்களை நெருக்குகிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே வியாகுலப்பட்டார். தனியாக இருக்க முடியாமல், என்னோடு விழித்திருங்கள் என்று மூன்று பேரைக் கேட்டார். அவர் பயத்தை மறைக்கவில்லை, நீங்கள் ஏன் மறைக்க வேண்டும்?

கை சும்மா இருந்தால் நினைவு எங்கெங்கோ போகிறதென்றால், குழந்தைக்கு இல்லாத எதையாவது செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அந்த வாரங்களில் தனக்கென்று ஒரு சால்வை பின்னினார். ஒரே தையல், ஒரே நிறம், வரிசைமேல் வரிசை. என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், எனக்கு என்று சொல்ல முடிந்தது. பிள்ளை பிறந்த அன்று அந்தச் சால்வையில்தான் போர்த்தி எடுத்தார். பிறக்காமல் போன பிள்ளைக்காக ஒரு சின்ன சதுரத்தையும் அதன் ஓரத்தில் பிறகு சேர்த்தார். யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தொட்டுக் காட்டினார்.

அப்புறம், உங்கள் மருத்துவரிடமும் இந்தப் பயத்தைச் சொல்லுங்கள். கூடுதலாக ஒருமுறை இதயத்துடிப்பைக் கேட்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

மூத்த பிள்ளை நூலையெல்லாம் இழுக்கிறான். எப்படிச் சமாளிப்பது?

அவன் இழுப்பது நூலை அல்ல, உங்களை. வயிறும் நூலும் சேர்ந்து அம்மாவை எடுத்துக்கொண்டன என்று நினைக்கிறான். அவனுக்கென்று ஒரு வேலை கொடுங்கள். கண்டு சுற்றும்போது நூற்கற்றையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை வேண்டும், நாலு வயதுக் கைகளே போதும். புதுப் பாப்பாவின் தொப்பிக்கு நிறத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். என் மகன் தேர்ந்தெடுத்தது பழுப்பு. அந்தப் பழுப்புத் தொப்பியோடுதான் அவன் தங்கை வீட்டுக்கு வந்தாள்.

குண்டூசிகளை எண்ணி வையுங்கள். ஊசி குத்திவைக்கும் என் சின்னப் பஞ்சுத் திண்டில் எப்போதும் இருபது இருக்கும். எழுந்திருக்கும்போது இருபது இல்லையென்றால், இருபது ஆகும்வரை யாரும் தரையில் உட்காரக் கூடாது.

ஆர்டர் எடுத்து விற்கிறேன். எப்போது நிறுத்துவது?

34 வாரம் என்று ஒரு கோடு போட்டு, அதற்குப் பிறகு புதிய ஆர்டர் வேண்டாம். கையில் இருப்பதை 36-க்குள் முடியுங்கள். முடியாதென்று தெரிந்தால் உடனே வாடிக்கையாளரிடம் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். நியாயமான வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

இதைவிடக் கஷ்டம் சபையில் வருகிற வேண்டுகோள். விற்பனை விழாவுக்கு முப்பது பூ, பிள்ளைகளுக்கு இருபது பொம்மை, உனக்குத்தான் கை வேகமாயிற்றே என்பார்கள். ஊழியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மால் மறுக்க முடிவதில்லை. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அவள் செய்த அங்கிகளைப் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டினார்கள். அவளுடைய கைவேலை ஊழியம்தான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வயிற்றில் இருப்பவரும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்தான். இந்த வருஷம் என்னால் முடியாது என்று சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். விளக்கம் சொன்னால் பேரம் தொடங்கும்.

வலி வந்துவிட்டது, போர்வை பாதியில் நிற்கிறது. முடிக்காமல் விட்டது மனதை உறுத்துகிறது.

என் மூத்தவளின் போர்வை அவளுக்கு இரண்டு வயதானபோதுதான் முடிந்தது. அதே நிற நூல் கிடைக்கவில்லை, கிடைத்தது வேறு தொட்டியில் சாயமேற்றியது. பாதிக்குமேல் மஞ்சள் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். அவள் அந்தக் கோட்டை விரலால் தடவி, இதுவரை நான் வயிற்றுக்குள்ளே, இதிலிருந்து வெளியே என்பாள். அந்தக் கோடு இல்லாத போர்வையை அவள் இப்போது ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

குழந்தை பிறந்து ஒரு மாதமாகிறது. நூலைத் தொடப் பிடிக்கவில்லை, ஜெபமும் வரவில்லை, அழுகைதான் வருகிறது.

பிரசவத்துக்குப் பின் முதல் பத்து, பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது மிகவும் சாதாரணம், தானாகவே போய்விடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் மனம் இருண்டே இருந்தால், பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லாமல், பிடித்தது எதுவும் பிடிக்காமல் இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. பத்தே கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை வைத்து மருத்துவரோ செவிலியரோ சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாவமோ அவிசுவாசமோ இதற்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெபம் வராத நாட்களில் உங்களுக்காக இன்னொருவர் ஜெபிக்கட்டும். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லி, இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நூல் காத்திருக்கும், அதற்கு அவசரமில்லை.

மறுபடி எப்போது ஊசி எடுக்கலாம்?

கையும் மனமும் கேட்கும்போது. சிசேரியன் ஆனவர்கள் பாரமான மெஷினைத் தூக்கக் கூடாது, காயம் ஆறும்வரை குழந்தையைவிடக் கனமானது எதையும் தூக்கக் கூடாது. மற்றபடி தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார முடிந்தால் ஊசி எடுக்கலாம். பால் கொடுக்கும் நேரத்தில் வேண்டாம். ஊசி முனை குழந்தையின் முகத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும், நமக்கோ தூக்கக் கலக்கம்.

அன்னாள் ஒவ்வொரு வருஷமும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாள் என்று வேதத்தில் இருக்கிறது. தைக்கும்போது பிள்ளை அவள் கண்முன் இல்லை. எவ்வளவு வளர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று மனதால் அளந்துதான் வெட்டியிருப்பாள். உங்கள் பிள்ளை இதோ பக்கத்திலேயே தூங்குகிறது. அளவு நாடாவை எடுத்து, எழுப்பிவிடாமல், தலையைச் சுற்றி ஒருமுறை அளந்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். அடுத்த மாதம் மறுபடி அளக்கும்போது முதல் மாதத்தைவிட ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கும். அதற்கேற்ற தொப்பியை அந்த அளவில் தொடங்கலாம்.